நடக்கிற தூரம்

கிரீம்ஸ் ரோட்டுப் பின்சந்து லாட்ஜில்
ராத்திரி கவுன்டர் என்னுடையது.
போர்டில் மேலே தமிழ், நடுவில் இங்கிலீஷ்,
கீழே யாரோ எழுதிக்கொடுத்த வங்காளம்.
அதில் என்ன போட்டிருக்கிறது என்று
எங்கள் முதலாளிக்கே தெரியாது.

வருகிறவர்கள் பையை இறக்குமுன் கேட்பது ஒன்றுதான்:
ஆஸ்பிட்டல், ஹவ் ஃபார்?
நானும் ஒரே பதில் வைத்திருந்தேன்.
வாக்கபிள், மேடம். ஃபைவ் மினிட்ஸ்.

பாருல் தலையாட்டினாள்.
பின்னால், ஆட்டோவில்,
நிதாய் பாபு ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டு
இன்னொன்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.
என்னுடைய ஐந்து நிமிஷம்
அவர்களுக்கு நாற்பது ஆனதாக
வாட்ச்மேன் மறுநாள் சொன்னார்.
வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தார்களாம்,
அதில் ஒன்று, பூட்டியிருந்த ஜெராக்ஸ் கடைப் படி.

அதற்குப் பிறகு
காலைப் பார்க்காமல் யாருக்கும்
வாக்கபிள் சொல்வதில்லை நான்.

ஞாயிற்றுக்கிழமை, ராயப்பேட்டை மொட்டை மாடியில்
ஸ்போக்கன் இங்கிலீஷ், மாதம் எண்ணூறு.
ரோஸ்லின் மிஸ் சொன்னார்:
கேள்வியில் ஃபார் வரும்.
இல்லை என்னும்போதும் வரும், நாட் ஃபார்.
தூரம்தான் என்று ஒத்துக்கொள்கிறபோது மட்டும்
வெறும் ஃபார் நன்றாக இருக்காது,
எ லாங் வே என்று சொல்லவேண்டும்.
டெலிவரி வண்டி ஓட்டும் ஷாஜகான் கேட்டான்,
"கேள்விக்கு ஒரு வார்த்தை, பதிலுக்கு மூணா மிஸ்?"
"தூரம்னா அப்படித்தாம்ப்பா."

இந்த ஊரில் எல்லாமே நாட் ஃபார்.
வழி கேட்டால் "இதோ" என்று ஒரு கை நீளும்,
அந்தக் கையின் நீளம்தான் கிலோமீட்டர்.
செங்கல்பட்டு தாண்டி மனை விற்கிறவனுக்கு
தாம்பரம் மிக அருகில்.
கூப்பிடு தூரம் என்போம். கூப்பிட்டுப் பாருங்கள்,
எதிர் பிளாட்பாரத்துக்கே கேட்காது.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த இரண்டாம் நாள் சாயங்காலம்
கவுன்டரில் கையூன்றிச் சொன்னாள் பாருல்:
டுடே, லிஃப்ட் ஃபார்.
திருத்தத் தெரியும் எனக்கு. திருத்தவில்லை.
ரிஜிஸ்டரில் அறை இருநூற்றேழுக்கு எதிரே
பென்சிலால் குறித்தேன்: லிஃப்ட்.
மறுநாள்: கேட்.
அதற்கு மறுநாள்
ஒன்றும் பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டு போனாள்.
ஒரு கோடு போட்டேன்.
அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர். அங்கேயே மூன்று நாள்.
பத்தாம் நாள் சிரித்துக்கொண்டே வந்தாள்:
டீ ஷாப் ஃபார்! ஹி டிரிங்க் ஆல்சோ!

கிளம்புகிற ராத்திரி, கணக்கு முடித்து, நான் கேட்டேன்:
மால்டா, ஹவ் ஃபார்?
விரல்களை மடக்கினாள்.
ரெண்டு ராத்திரி ரயில், ஒரு பஸ், ஒரு படகு,
இறங்கிக் கொஞ்சம் வாழைத்தோட்டம்.
பிறகு அவள் முறை.
யுவர் ஹவுஸ், ஹவ் ஃபார்?

எட்டு வருஷம் முன்னால் கேட்டிருந்தால்
விரல் நீட்டியிருப்பேன்.
இந்தச் சந்து முடிகிற இடம், கூவம் கரை.
எங்கள் வீட்டுக் குக்கர் விசில்
இந்தக் கவுன்டர் வரை வரும்.
ஆற்றோரம் கூடாது என்று பெயர்த்தெடுத்துப்
பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடி கொடுத்தார்கள்.
டோக்கன் கொடுத்த ஆபீசரும்
"பக்கத்துலதான்மா, பஸ் இருக்கு" என்றுதான்
அம்மாவிடம் சொன்னார்.
ரெண்டு பஸ். வேலை முடிந்து வீடு சேர்வதற்குள்
தண்ணீர் லாரி வந்து போய்விடும்.

நாட் ஃபார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்,
வாய்க்கு அதுதான் பழக்கம்.
எ லாங் வே, என்றேன்.
பாருல் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

வாசல் வரை நிதாய் பாபு
யார் கையையும் பிடிக்காமல் வந்தார்.
இத்தனை நாளில் முதல் தடவையாக
அவரே கேட்டார், ஆட்டோக்காரரிடம்:
சென்ட்ரல், ஹவ் ஃபார்?

"முந்நூறு" என்றார் ஆட்டோக்காரர்.